நீங்கள் திறப்பது கூகுளா, பிரவுசரா?

2009-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கூகுள் நிறுவனத்தினர் கேமராவோடு நின்று, வருவோர் போவோரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: பிரவுசர் என்றால் என்ன? ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில் சரியாகச் சொன்னவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் கூகுள் என்றார்கள், யாஹூ என்றார்கள், தேடுகிற இடம் என்றார்கள்.

இன்று வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், மின் கட்டணம், ஆதார் எல்லாமே பிரவுசர் வழியாக நடக்கின்றன. அந்தக் கேள்வியை இப்போது நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டாலும் பலர் திணறத்தான் செய்வார்கள்.

இது யாருடைய குறையும் இல்லை. கணினி வாங்கும்போதும் ஃபோன் வாங்கும்போதும் இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் தெரியாததால் போகும் பணம் உங்களுடையது. அதனால் அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

பிரவுசர் என்பது எது?

பிரவுசர் (இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டும் மென்பொருள்) உங்கள் கணினியிலோ ஃபோனிலோ இருக்கிற ஒரு செயலி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவை பிரவுசர்கள்.

அப்படியானால் கூகுள்? கூகுள் தேடல் என்பது ஓர் இணையதளம். அந்தத் தளத்தை நீங்கள் குரோமிலும் திறக்கலாம், ஃபயர்ஃபாக்ஸிலும் திறக்கலாம். டி.வி. பெட்டி வேறு, அதில் ஓடும் சேனல் வேறு என்பது போலத்தான் இதுவும்.

பிறகு ஏன் இவ்வளவு குழப்பம்? குரோமையும் தேடல் தளத்தையும் நடத்துவது ஒரே நிறுவனம். குரோமைத் திறந்ததுமே கூகுளின் தேடல் பெட்டி முன்னால் வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்று என்று எவருக்கும் தோன்றுவது இயல்பு.

குழப்பத்தால் என்ன நஷ்டம்?

2010 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், ஃபேஸ்புக்கின் லாகின் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. கூகுளில் 'ஃபேஸ்புக் லாகின்' என்று தேடியவர்களுக்கு அந்தச் செய்தி மேல்வரிசையில் வந்தது. ஏராளமானோர் அதைத் தட்டி உள்ளே வந்து, ஃபேஸ்புக் தன் தோற்றத்தை மாற்றிவிட்டது என்று நினைத்து, பழையபடி மாற்றித் தரும்படி அங்கேயே எழுதினார்கள். 'இது ஃபேஸ்புக் அல்ல' என்று அந்தத் தளம் செய்தியின் நடுவிலேயே அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று.

அந்தத் தளம் நேர்மையானது என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதே இடத்தில் ஒரு மோசடிக்காரர் இருந்தால்? நீங்கள் வங்கியின் பெயரைத் தேடுகிறீர்கள். மேலே வருவதைத் தட்டுகிறீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம், போலித் தளமாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடி, போலி எண்ணை அழைத்துப் பணம் இழப்பவர்கள் சிக்குவதும் இந்த வழியில்தான்.

தேடல் முடிவில் முதலில் வருவதெல்லாம் நீங்கள் கேட்ட இடம் அல்ல. நீங்கள் எங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பிரவுசரின் முகவரிப் பட்டை.

முகவரியை எப்படிப் படிப்பது?

பக்கத்துக்கு மேலே ஆங்கில எழுத்துகளில் ஒரு நீண்ட வரி இருக்கும். அதுதான் முகவரி. ஃபோனில் சுருக்கமாகத் தெரியும். ஒரு தட்டு தட்டினால் முழுதும் வரும்.

உங்கள் வங்கியின் முகவரி 'உங்கள்வங்கி.பேங்க்.இன்/லாகின்' என்று வைத்துக்கொள்வோம். எச்டிடிபிஎஸ் என்ற தொடக்கத்தையும் அதையடுத்த இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் சாய்கோடு வரைக்கும் உள்ளதுதான் முக்கியம். அந்தச் சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: இன், பேங்க், உங்கள்வங்கி. சரியான இடம்.

இப்போது இதைப் பாருங்கள்: 'உங்கள்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்/லாகின்'. முன்னாலிருந்து படித்தால் வங்கிதான் என்று தோன்றும். சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தால் காம், கேஒய்சி-அப்டேட் என்று வருகிறது. ஆகவே இந்தத் தளத்தின் சொந்தக்காரர் 'கேஒய்சி-அப்டேட்.காம்' என்ற பெயரைப் பதிவு செய்த யாரோ ஒருவர். அதற்கு முன்னால் என்ன பெயரை வேண்டுமானாலும் அவர் எழுதிக்கொள்ளலாம்.

இதில் நமக்கு உதவியாக இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரி இந்தியாவில் வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஐடிஆர்பிடி என்ற அமைப்பு சரிபார்த்துத்தான் பதிவு செய்து தருகிறது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் இதற்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதேபோல், 'ஜிஓவி.இன்' என்று முடிவது அரசுத் தளங்களுக்கு மட்டும் உரியது. காசு கட்டுவதற்கு முன் இந்த முடிவைப் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

பூட்டு அடையாளம் இருந்தால் போதாதா?

போதாது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் தளம் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூட்டுக்குப் பொருள், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான். தளத்தை நடத்துபவர் நல்லவரா, திருடரா என்று பூட்டு சொல்லாது. போலித் தளத்துக்கும் பூட்டு எளிதில் கிடைக்கும்.

2021-இல் கூகுள் நடத்திய ஆய்வில், பூட்டின் சரியான பொருளை அறிந்திருந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். தவறான நம்பிக்கை தருகிறது என்பதால் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது. ஆகவே பூட்டைத் தேடாதீர்கள், முகவரியைப் படியுங்கள்.

'உங்கள் கணினியில் வைரஸ்' என்று திடீரென வருகிறதே, அது யார்?

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்பும். சிவப்பு எழுத்தில் வைரஸ் எச்சரிக்கை, 'உடனே நீக்கு' என்று ஒரு பொத்தான். நீங்கள் எந்தத் தளத்தையும் திறந்திருக்காவிட்டாலும் வரும். கணினி கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பெரும்பாலும் நடந்தது இதுதான். என்றோ ஒரு நாள் படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பீர்கள். 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று பிரவுசர் கேட்டிருக்கும். 'நீங்கள் ரோபோ அல்ல என்றால் அலவ் என்பதைத் தட்டுங்கள்' என்று அந்தத் தளம் சொல்லியிருக்கும். தட்டியிருப்பீர்கள். அன்றிலிருந்து உங்கள் திரையில் எதை வேண்டுமானாலும் காட்ட அந்தத் தளத்துக்கு உரிமை கிடைத்துவிட்டது. வருவது வைரஸ் எச்சரிக்கை அல்ல, விளம்பரம்.

எப்படி நிறுத்துவது? குரோமில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'செட்டிங்ஸ்' போங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', பிறகு 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அடையாளம் தெரியாத பெயர்களை நீக்கிவிடுங்கள். ஃபோனில் 'செட்டிங்ஸ்' போனதும் 'சைட் செட்டிங்ஸ்' நேராகவே இருக்கும். கடைக்குப் போக வேண்டியதில்லை, பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு 'இந்த எண்ணை அழையுங்கள்' என்று வருவதும் உண்டு. அதுவும் வெறும் இணையப் பக்கம்தான். எண்ணை அழைக்காதீர்கள். 'எஸ்கேப்' விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் 'ஆல்ட்', 'எஃப் 4' இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிரவுசரை மூடிவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா?

தெரியும். இன்காக்னிட்டோ (பார்த்த தடத்தை அந்தக் கருவியில் சேமிக்காத சாளரம்) மறைப்பது, அதே கணினியை அடுத்துப் பயன்படுத்துபவரிடமிருந்து மட்டும்தான். மூடியதும், நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியலும் குக்கிகளும் (தளங்கள் உங்களை நினைவில் வைத்துக்கொள்ள உங்கள் கருவியில் விட்டுச் செல்லும் சிறு குறிப்புகள்) அழிந்துவிடும்.

ஆனால் நீங்கள் போன தளத்துக்கு உங்கள் வருகை தெரியும். இணைப்புத் தரும் நிறுவனமும், அலுவலக இணைப்பு என்றால் அலுவலகமும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை அறிய முடியும். உள்ளே போய் உங்கள் கணக்கில் லாகின் செய்துவிட்டால், நீங்கள் யார் என்பதே அந்தத் தளத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் ஏமாந்ததாகச் சொல்லி 2020-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கூகுள் மீது வழக்கே தொடர்ந்தார்கள். இன்காக்னிட்டோவிலும் தகவல் சேகரிக்கப்பட்டது என்பது புகார். 2024-இல் வெளியான சமரச விவரப்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும் இன்காக்னிட்டோ பற்றிய விளக்கத்தைத் திருத்தி எழுதவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

பிரவுசிங் சென்டரில் என்ன கவனிக்க வேண்டும்?

இதுதான் நம்மில் பலருக்கு மிக முக்கியம். பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ உட்கார்ந்து விண்ணப்பம் போடுகிறீர்கள், ஆதாரை இறக்கி பிரிண்ட் எடுக்கிறீர்கள். எழுந்து வந்த பிறகு அங்கே உங்களுடையது என்னென்ன இருக்கும்?

முதலாவது, இறக்கிய கோப்பு. இன்காக்னிட்டோவில் இறக்கினாலும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் அப்படியே கிடக்கும். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அது. பக்கத்தில் கிடக்கும் விண்ணப்பத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழித்து, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பியிருந்தால், உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் கணக்கு. குரோமில் ஜிமெயிலைத் திறந்தால், சில சமயம் பிரவுசரும் சேர்ந்து உங்கள் பெயரில் லாகின் ஆகிவிடும். 'சின்க்' (உங்கள் தகவல்களை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக்கும் வசதி) செய்யட்டுமா என்று கேட்கும்போது ஒப்புக்கொண்டால், வீட்டில் சேமித்த கடவுச்சொற்கள்கூட அந்தக் கடைக் கணினிக்கு வந்து சேரும். இதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே இன்காக்னிட்டோவைத் திறந்து வேலை செய்யுங்கள். அது உண்மையில் பயன்படும் இடம் இதுதான். வேலை முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூட மறக்காதீர்கள்.

மறந்து வந்துவிட்டால்? உங்கள் ஃபோனில் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'யுவர் டிவைசஸ்' என்பதைப் பாருங்கள். எந்தெந்தக் கருவியில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். கடைக் கணினியைத் தேர்ந்தெடுத்து 'சைன் அவுட்' கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல்லைப் பிரவுசரில் சேமிக்கலாமா?

பிறர் கணினியில் ஒருபோதும் கூடாது. திரைப்பூட்டு உள்ள உங்கள் சொந்தக் கருவியில் சேமிக்கலாம். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது.

பிரவுசர், கடவுச்சொல்லை முகவரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறது. போலித் தளம் தோற்றத்தில் உங்கள் கண்ணை ஏமாற்றலாம், பிரவுசரை ஏமாற்ற முடியாது. வழக்கமாகத் தானாக நிரம்பும் கடவுச்சொல் ஒரு நாள் நிரம்பவில்லை என்றால், கையால் அடிக்கத் தொடங்காதீர்கள். முதலில் முகவரியைப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் ஓர் இணைப்பைத் தட்டினால், அவை தங்களுக்குள்ளேயே ஒரு சிறு பிரவுசரில் அதைத் திறக்கும். அதில் முகவரி சரியாகத் தெரியாது. பணம் கட்டும் வேலை என்றால் அங்கே செய்யாமல், வெளியே வந்து உங்கள் வழக்கமான பிரவுசரில் திறந்து செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஆபத்தானதா?

எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் துணைச்செயலி) பலவற்றுக்கு, நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி உண்டு. எல்லாப் பக்கம் என்றால் வங்கிப் பக்கமும்தான். சேர்க்கும்போதே குரோம் இதைச் சொல்கிறது. நாம்தான் படிக்காமல் தட்டிவிடுகிறோம்.

நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறிக் கெட்டுப்போவது உண்டு. மூன்று புள்ளிகளைத் தட்டி 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எதற்கு என்று உங்களால் சொல்ல முடியாததை எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்டேட் செய்தே ஆக வேண்டுமா?

ஆம். பிரவுசரின் குறைகளைத் திருடர்களும் தேடுகிறார்கள், தயாரித்தவர்களும் தேடுகிறார்கள். தயாரித்தவர்கள் கண்டுபிடித்து அடைத்ததைத்தான் அப்டேட் என்று அனுப்புகிறார்கள். அது தானாகவே இறங்கிவிடும், ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் வேலைக்கு வரும். பல நாட்களாகக் குரோமை மூடாமல் மடிக்கணினியை மட்டும் மடித்து வைக்கிறவர் பழைய பதிப்பிலேயே இருப்பார்.

சரிபார்க்க, மூன்று புள்ளிகள், 'ஹெல்ப்', 'அபௌட் கூகுள் குரோம்'. அப்டேட் நிலவரம் அங்கே தெரியும். 'உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, இதை இறக்குங்கள்' என்று ஓர் இணையப் பக்கம் சொன்னால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். கணினியில் குரோமின் அப்டேட் குரோமுக்குள்ளிருந்துதான் வரும்.

கணினியை இயக்கும் விண்டோஸுக்கும் இதே விதிதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. ஆதரவு முடிந்தாலும் கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

உங்களிடம் எது இருக்கிறது? விண்டோஸ் விசையையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் (டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்) அடித்து 'என்டர்' தட்டினால் பதிப்பு தெரியும். பழைய கணினியை உடனே மாற்ற வசதியில்லையா? அதில் வங்கி வேலையை மட்டுமாவது நிறுத்திவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நேரம்தான் முக்கியம். பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணைய மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை நடுவழியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வங்கிக்கும் தெரிவியுங்கள். 'சைபர்கிரைம்.ஜிஓவி.இன்' தளத்தில் எழுத்துப்பூர்வமாகவும் புகார் பதியலாம். அந்த முகவரியையும் தேடிப் போகாமல் பட்டையில் நேராக அடித்துப் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று மூன்று மட்டும்: அறிவிப்பு அனுமதிகளைப் பார்த்து நீக்குங்கள், தெரியாத எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடுங்கள், உங்கள் வங்கியின் சரியான முகவரியை வங்கிக் கிளையிலேயே கேட்டுக்கொண்டு வந்து பிரவுசரில் 'புக்மார்க்' (முகவரியைக் குறித்து வைக்கும் வசதி) செய்து வையுங்கள். அரைமணி நேரம் போதும். பிறகு வீட்டில் ஃபோன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு, முகவரியைப் பின்னோக்கிப் படிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள்.